நிமோனியா சரியாகிவிட்டது, கண்ணை யார் பார்ப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மழைக்காலக் காய்ச்சல்கள் பற்றி உங்கள் நாளிதழ் போட்டிருந்த முழுப்பக்கத்தைப் படித்தேன். நன்றாகவே இருந்தது. வைரஸ் நிமோனியா கடுமையாக வந்தால் நுரையீரல், இதயம், கிட்னி, மூளை என்று எதெல்லாம் பாதிக்கும் என்று வரிசையாகச் சொல்லியிருந்தீர்கள். கண் என்ற சொல் ஒரே இடத்தில்தான் வந்தது, அதுவும் 'கண் எரிச்சல், கண் சிவத்தல்' என்று. அதைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் அரசு மருத்துவமனையில் கண் மருத்துவ உதவியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். டாக்டர் இல்லை, வைத்தியம் சொல்லவும் வரவில்லை. ஆனால் பார்வை போன பிறகு வந்து நாற்காலியில் உட்காருபவர்களிடம் 'எப்போதிலிருந்து?' என்று முதலில் கேட்பது என் வேலையாக இருந்தது. அந்தப் பதில்களைக் கேட்டுக் கேட்டு வந்த ஆதங்கம்தான் இந்தக் கடிதம்.

நம் ஊரில் வைரஸ், கண் என்று சேர்த்துச் சொன்னால் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது மெட்ராஸ் ஐ. கண் சிவக்கும், பீளை கட்டும், உறுத்தும், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நாலைந்து நாள் லீவு போடுவோம், பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். அது கண்ணின் வெளிப்பக்கச் சமாச்சாரம். நான் சொல்ல வருவது உள்ளே, விழித்திரையில் ஓடும் ரத்தக் குழாய்களைப் பற்றி. அங்கே ஒரு குழாய் அடைத்தால் கண் சிவக்காது, பெரும்பாலும் வலிக்காது, தண்ணீர் வடியாது. எதிரே நின்று பார்ப்பவருக்குக் கண் பளிச்சென்று நன்றாகவே தெரியும். போதாததற்கு இன்னொரு கண் நன்றாக இருந்தால் அதுவே இரண்டு கண்ணின் வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்துவிடும், அதனால் ஒரு கண்ணில் பார்வை பாதி போனதே தெரியாமல் டிவி பார்த்துக்கொண்டு, பைக் ஓட்டிக்கொண்டு இருப்பவர்கள் உண்டு.

நுரையீரலில் வந்த நோய்க்கும் கண்ணின் ரத்தக் குழாய்க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். விழித்திரைக்கு ரத்தம் கொண்டுபோகும் மையத் தமனியின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. அதிலிருந்து பிரியும் கிளைகள் இன்னும் மெல்லியவை. எடைக்கு எடை பார்த்தால் உடம்பிலேயே மிக அதிகமாக ஆக்சிஜன் செலவழிக்கும் திசுக்களில் விழித்திரையும் ஒன்று. இப்போது கடுமையான வைரஸ் நிமோனியாவை நினைத்துப் பாருங்கள். வைரஸோடு சண்டை போட உடம்பு சுரக்கும் அழற்சிப் பொருட்கள் நுரையீரலோடு நிற்பதில்லை, ரத்தத்தில் கலந்து எல்லா இடத்துக்கும் போகின்றன. ரத்தக் குழாயின் உட்சுவர் சாதாரணமாக ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்ளும். அழற்சி வந்துவிட்டால் அதே சுவர் உறைவதற்கு இடம் கொடுக்க ஆரம்பிக்கிறது. கல்லீரல் உறைவுப் புரதங்களை அதிகமாகத் தயாரிக்கிறது. காய்ச்சலில் சாப்பாடும் தண்ணீரும் சரியாக இறங்காததால் ரத்தம் கெட்டியாகிறது, ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு, ஆள் வேறு நாள் கணக்கில் படுத்த படுக்கை. 2020, 2021-ல் வாட்ஸ்அப்பில் குடும்பம் குடும்பமாக டி-டைமர் ரிப்போர்ட் அனுப்பிக்கொண்டோமே, அது இந்த உறைவின் அடையாளத்தைத்தான் அளந்தது. கொரோனா ரத்தக் குழாய் உட்சுவரையே தாக்குகிறது என்று சூரிச் மருத்துவர்கள் 2020 ஏப்ரலிலேயே லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதினார்கள். பெரிய குழாய் அடைத்தால் மாரடைப்பு, பக்கவாதம் என்று ஊரே ஓடுகிறது. கண்ணுக்குள் இருக்கும் சின்னக் குழாய் அடைத்தால் யாரும் ஓடுவதில்லை.

அடைப்பிலும் இரண்டு வகை உண்டு. தமனி அடைத்தால் வாய்க்காலில் தண்ணீர் வராத வயல், சிரை அடைத்தால் வடிகால் அடைத்துத் தண்ணீர் தேங்கிய வயல். இரண்டிலும் பயிர் போகும், போகிற வேகம்தான் வேறு. மையத் தமனி முழுதாக அடைத்தால் சில மணி நேரத்தில் விழித்திரை செத்துவிடும், அப்புறம் எந்த ஊசியும் திருப்பிக் கொண்டுவராது. இதைக் கண்ணில் வந்த பக்கவாதம் என்றே நடத்த வேண்டும், உடனே பக்கவாத சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2021-ல் அறிக்கையே வெளியிட்டது. ஏனென்றால் அதற்கடுத்த நாட்களில் மூளையிலும் அடைப்பு வர வாய்ப்பு அதிகம். சிரை அடைப்பு இதைவிடப் பரவலாக வருவது. விழித்திரையில் தமனியும் சிரையும் ஒன்றின் மேல் ஒன்று குறுக்கே போகும் இடங்களில் இரண்டுக்கும் பொதுவாக ஒரே உறைதான். பிரஷர், சுகர், வயது என்று ஏதோ ஒன்றால் தமனி தடித்துப்போயிருந்தால் பக்கத்துச் சிரையை அது நசுக்கிக்கொண்டே இருக்கும். பல வருஷம் அப்படியே ஓட்டியிருப்பார்கள், ஒன்றும் ஆகியிருக்காது. அந்த நேரம் பார்த்து ரத்தம் உறையும் தன்மை கூடினால் அந்த இடத்தில் அடைத்துக்கொள்கிறது. பின்னால் ரத்தம் தேங்கி, கசிந்து, விழித்திரையின் நடுப்பகுதியான மேக்குலா வீங்கி, பார்வை மங்குகிறது.

இது என் சொந்தக் கற்பனை இல்லை. 2020 மே மாதம் பிரேசில் மருத்துவர்கள் கொரோனா வந்த 12 பேரின் விழித்திரையைப் பரிசோதித்து லான்செட்டில் எழுதினார்கள். விழித்திரையை அடுக்கடுக்காகப் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேனில் எல்லோருக்கும் ஏதோ ஒரு மாற்றம் இருந்தது, 4 பேருக்குப் பஞ்சுப் புள்ளிகளும் நுண்ணிய ரத்தக் கசிவும் இருந்தன. பஞ்சுப் புள்ளி என்றால் அந்த இடத்தில் ஒரு நுண்குழாய்க்கு ரத்தம் போகவில்லை, நரம்பிழை வீங்கி வெள்ளையாகத் தெரிகிறது என்று அர்த்தம். அந்தச் சின்னக் கட்டுரையை விமர்சித்தவர்களும் உண்டு, ஸ்கேனில் தெரிந்தது சாதாரணக் குழாய்தான் என்றார்கள். பிறகு இத்தாலியின் மிலான் நகரில் 54 நோயாளிகளைப் பார்த்தார்கள். அதில் என் கவனத்தைப் பிடித்தது வேறு ஒரு விஷயம்: நோய் எவ்வளவு கடுமையோ அவ்வளவு விழித்திரைச் சிரைகள் விரிந்திருந்தன, நோய் தொடங்கி நாள் ஆக ஆக அந்த விரிவு குறைவாக இருந்தது. அதாவது நுரையீரலில் நடப்பது கண்ணின் குழாயிலும் பதிவாகிறது. உடம்பைக் கீறாமல் ரத்தக் குழாயை நேராகப் பார்க்க முடிகிற இடம் கண்ணின் உட்புறம்தான். 1851-ல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணுக்குள் பார்க்கும் கருவியைச் செய்த நாளிலிருந்து டாக்டர்கள் இதைப் பயன்படுத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஐசியூவிலிருந்து வந்தவரின் கண்ணுக்குள் மட்டும் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை, அதனால் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். தெற்குக் கலிபோர்னியாவில் கொரோனா வந்த 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மருத்துவப் பதிவுகளை வைத்து 2022-ல் ஓர் ஆய்வு வந்தது. தொற்றுக்கு முந்தைய மாதங்களைவிடத் தொற்றுக்குப் பிந்தைய 6 மாதங்களில் சிரை அடைப்பு கூடியிருந்தது, தமனி அடைப்பில் அப்படித் தெளிவான ஏற்றம் இல்லை. கூடிய பிறகும் மொத்தம் எவ்வளவு? பத்து லட்சம் பேரில் இரண்டு வாரத்துக்கு ஏறக்குறைய 12 பேர். அபூர்வம்தான். எல்லா ஆய்வுகளும் ஒரே மாதிரி சொல்லவும் இல்லை. அப்படி அடைப்பு வந்தவர்களில் பலருக்குச் சுகரும் பிரஷரும் ஏற்கெனவே இருந்தவைதான், எது எதனால் வந்தது என்று ஒரு தனி ஆளைக் காட்டிச் சொல்லவும் முடியாது. சாதாரணச் சளி, மூன்று நாள் காய்ச்சல் வந்தவர்கள் இதைப் படித்துவிட்டுக் கண் மருத்துவமனை வாசலில் வரிசை கட்ட வேண்டாம். ஆக்சிஜன் வைத்தவர்கள், ஐசியூவில் இருந்தவர்கள், அதிலும் சுகர், பிரஷர், கொழுப்பு உள்ளவர்கள், இவர்களைப் பற்றித்தான் என் பேச்சு.

கொரோனாதான் போய்விட்டதே என்பார்கள். இன்ஃபுளுயன்சா போகவில்லை, ஒவ்வொரு மழைக்கும் வருகிறது. கனடாவின் ஒன்டாரியோவில் நடந்து 2018-ல் வெளியான ஆய்வில், இன்ஃபுளுயன்சா உறுதியான முதல் 7 நாட்களில் மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்ற நாட்களைப்போல ஏறக்குறைய 6 மடங்கு என்று கண்டார்கள். ரத்தக் குழாயை உசுப்பிவிடும் வேலையைக் கொரோனா மட்டும் செய்யவில்லை என்பதற்கு இது போதும். கண்ணிலும் ஓர் உதாரணம் உண்டு. ஃப்ளூ மாதிரி காய்ச்சல் வந்து போன பிறகு, பெரும்பாலும் இளவயதினருக்கு, அதிலும் பெண்களுக்கு, பார்வையின் நடுவுக்குப் பக்கத்தில் திடீரென்று ஒரு கருநிழல் தோன்றும். படிக்கும்போது ஓர் எழுத்து மட்டும் விழுந்துபோகும். 1975-ல் நெதர்லாந்தின் போஸ், டாய்ட்மன் என்ற இரு மருத்துவர்கள் இந்த நோயைப் பற்றி முதலில் எழுதினார்கள், மேக்குலாவின் ஆழத்தில் உள்ள நுண்குழாய்களுக்கு ரத்தம் போகாததுதான் காரணம் என்று இன்று பெரும்பாலும் நம்புகிறார்கள். கொரோனா காலத்தில் இது நிறையப் பதிவானது. இதில் கொடுமை என்னவென்றால் டார்ச் அடித்துப் பார்த்தால் விழித்திரை கிட்டத்தட்ட சாதாரணமாகவே தெரியும், ஓசிடி எடுத்தால்தான் பிடிபடும். இருபத்தைந்து வயதுப் பெண் வந்து 'எழுத்து மறையுது' என்று சொன்னால், போன் அதிகம் பார்க்காதேம்மா என்று திட்டி அனுப்புவதுதான் நம் வழக்கம். அதற்கு முன் 'போன வாரம் காய்ச்சல் இருந்ததா?' என்று ஒரு கேள்வி கேட்டால் நன்றாக இருக்கும்.

ஸ்டீராய்டு பற்றியும் சொல்லத்தான் வேண்டும். டெக்சாமெத்தசோன் உயிர் காத்தது, அதில் சந்தேகமே இல்லை. வென்டிலேட்டரில் இருந்தவர்களில் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது என்று 2020 ஜூனில் பிரிட்டனின் ரெகவரி ஆய்வு காட்டியது. ஆனால் அது சுகரை ஏற்றும், கண் அழுத்தத்தை ஏற்றும், சிலருக்கு விழித்திரைக்கு அடியில் நீர் கோக்க வைக்கும். மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே ஸ்டீராய்டு வாங்கிப் போட்டுக்கொண்ட கூட்டத்தை 2021-ல் பார்த்தோம். அதற்குப் பின்னாலேயே கருப்புப் பூஞ்சை வந்தது. அந்த வருஷம் ஜூன் கடைசிக்குள் நாட்டில் 40,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு அது வந்ததாக மத்திய அரசே சொன்னது, தமிழ்நாடு மே மாதமே அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. மூக்கின் பக்க அறைகளில் புகும் அந்தப் பூஞ்சை ரத்தக் குழாயின் சுவரைத் துளைத்து உள்ளே வளர்ந்து அடைக்கிற ஜாதி. கண்ணுக்குப் போகும் தமனியை அடைத்தால் பார்வை போய்விடும், மூளைக்குப் பரவாமல் தடுக்கக் கண்ணையே எடுக்க வேண்டி வந்தவர்கள் பலர். வைரஸ் நேராகக் கண்ணைத் தொடவில்லை; கட்டுப்பாடில்லாத சுகரும் கணக்கில்லாத ஸ்டீராய்டும் கதவைத் திறந்துவிட்டன. அன்றைக்கு மூக்கடைப்பு, கன்ன வலி, கண் வீக்கம் என்றால் உடனே வா என்று ஊரெல்லாம் சொன்னோம், பத்திரிகைகளும் தினமும் போட்டீர்கள், மக்களும் கேட்டார்கள். சொன்னால் கேட்கிற ஜனம்தான். சொல்வதில்தான் குறை.

நடப்பு எப்படி இருக்கிறது தெரியுமா? எனக்குத் தெரிந்த ஒருவர், ஐம்பது தாண்டியவர், லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறார், சுகர் உண்டு. வைரஸ் நிமோனியாவில் ஐசியூ வரை போய்ப் பிழைத்து வந்தார். வந்து கொஞ்ச நாளில் ஒரு கண் மங்கல். படுத்தே கிடந்த அசதி என்று நினைத்தார். அப்புறம் கண்ணாடிக் கடையில் போய்ப் பவர் மாற்றினார், தெரியவில்லை, கண்ணாடி சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டை போட்டு வேறு மாற்றினார். நடுவில் மருந்துக்கடையில் ஒரு சொட்டு மருந்து. கடைசியில் கண் டாக்டர் கண்பாப்பாவை விரிக்கும் மருந்து போட்டுப் பார்த்தபோது விழித்திரை முழுக்க ரத்தக் கசிவு, மையச் சிரை அடைப்பு. டிஸ்சார்ஜ் சம்மரி நாலு பக்கம் இருந்தது, மாத்திரைகள், மூச்சுப் பயிற்சி, சுகர் டெஸ்ட், ஒரு வாரத்தில் மறுபடி வரவும் என்று எல்லாம் இருந்தது. பார்வை மங்கினால் என்ன செய்வது என்று ஒரு வரி இல்லை. டாக்டர்களைக் குறை சொல்லவில்லை, உயிரைப் பிடித்து நிறுத்தியவர்கள் அவர்கள். வடிவமே அப்படி இருக்கிறது.

தாமதம் செய்தால் என்ன, போனது போனதுதானே என்று கேட்பவர்களுக்கு: இல்லை. மையச் சிரை அடைப்பில் ரத்தம் கிடைக்காத விழித்திரை புதுக் குழாய்களை வளர்க்கச் சொல்லிச் சிக்னல் அனுப்பும். அந்தப் புதுக் குழாய்கள் முளைக்கக் கூடாத இடத்தில், கண்ணின் முன்பக்கத்தில் முளைத்து, கண்ணுக்குள் ஊறும் நீர் வடியும் வழியை அடைத்துவிடும். அழுத்தம் ஏறி, தாங்க முடியாத வலி வரும். பெரும்பாலும் மூன்று மாதம் கழித்து இது வருவதால் 'நூறு நாள் கிளாக்கோமா' என்றே கண் டாக்டர்கள் சொல்வார்கள். கண் போனது மட்டுமில்லாமல் போன கண் வலிக்கவும் செய்யும். முன்கூட்டியே வந்தால் லேசர் வைத்து இதைத் தடுக்க முடியும், கண்ணுக்குள் போடும் ஊசியால் மேக்குலா வீக்கத்தைக் குறைத்துப் பார்வையையும் ஓரளவு மீட்க முடியும். ஊசி ஒன்றோடு முடியாது, மாதா மாதம் சில தடவை போட வேண்டியிருக்கும், செலவு உண்டு. பெருங்குடல் புற்றுநோய்க்கு வந்த பெவாசிசுமாப் என்ற மருந்தைக் கண்ணுக்குச் சிறு அளவில் பிரித்துப் போடுவதால் மற்ற ஊசிகளைவிட அது மலிவு. கண்ணுக்குள் ஊசி என்றதும் பயந்து ஓடுகிறவர்கள் அதிகம். மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டுத்தான் போடுவார்கள், சில நொடி வேலை.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு, காசு செலவில்லை. கடுமையான காய்ச்சலிலிருந்து எழுந்து வந்தவர், சுவரில் தொங்கும் தினசரி காலண்டர் முன் நின்று, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி மறு கண்ணால் தேதியையும் கீழே உள்ள ராகுகாலம், எமகண்டம் சின்ன எழுத்தையும் படிக்கட்டும். அப்புறம் கண்ணை மாற்றி மூடிப் படிக்கட்டும். வழக்கமாகப் போடும் கண்ணாடியோடுதான். அப்படியே ஜன்னல் கம்பியைப் பார்த்து, கம்பி நெளிகிறதா, நடுவில் ஏதாவது மறைகிறதா என்றும் பார்க்கலாம். தினமும் தாள் கிழிக்கும்போது செய்தால் மறக்காது. ஒரு கண்ணில் திடீரென்று வித்தியாசம் என்றால் அன்றைக்கே கண் டாக்டர். கண்ணாடிக் கடை இல்லை, மருந்துக்கடை இல்லை. ஒரு கண் சட்டென்று இருண்டுவிட்டால், வலி இல்லாவிட்டாலும், கொஞ்ச நேரத்தில் பார்வை திரும்ப வந்துவிட்டாலும், 108-ஐக் கூப்பிடுங்கள். பக்கவாதத்துக்குச் செய்வதை அதற்கும் செய்யுங்கள். இன்னொன்று, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரைகளைப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று நீங்களாகவே போட்டுக்கொள்ளவோ நிறுத்தவோ வேண்டாம். கொரோனா சமயத்தில் எழுதிக் கொடுத்ததை வருஷக் கணக்கில் விழுங்கிக்கொண்டிருப்பவர்களையும் எனக்குத் தெரியும், பாதியில் தாங்களே நிறுத்தியவர்களையும் தெரியும்.

அரசுக்குச் சொல்ல விரும்புவது பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. 1819-லேயே கண்ணுக்கென்று தனி மருத்துவமனை தொடங்கிய ஊர் சென்னை. மதுரையில் அரவிந்த் 1976-ல், சென்னையில் சங்கர நேத்ராலயா 1978-ல் வந்தன. கண்புரை முகாம் நடத்துவதில் நாடே நம்மைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. ஆனால் கண்புரை காத்திருக்கும், அடுத்த முகாமுக்கு வரலாம். விழித்திரைக் குழாய் அடைப்பு காத்திருக்காது, முகாம் பழக்கம் இதற்கு உதவாது. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் கண் பிரிவு இருக்கிறது, ஐசியூவும் அதே வளாகத்தில்தான் இருக்கிறது. வைரஸ் நிமோனியாவுக்காக ஐசியூவில் இருந்தவர்களில் சுகர், பிரஷர் உள்ளவர்களையும் ஸ்டீராய்டு போட்டவர்களையும் வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்போ மறுபடி வரச் சொல்லும் நாளிலோ கண் பிரிவுக்கு அனுப்பி விழித்திரையை ஒரு தடவை பார்த்துவிடலாம். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'ஒரு கண்ணில் பார்வை மங்கினாலோ மறைத்தாலோ அன்றே கண் பிரிவுக்கு வரவும்' என்று தமிழில் ஒரு வரி அச்சடிக்கலாம். ஆங்கிலத்தில் அடித்தால் பிரயோஜனமில்லை, நோயாளி படிக்க மாட்டார். தனியார் மருத்துவமனைகளுக்கும் இதையே சுற்றறிக்கையாக அனுப்பலாம்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் வீட்டுக்கே சுகர், பிரஷர் மாத்திரை கொண்டுபோகிறார்கள், நல்ல காரியம். அந்தச் சகோதரிகள் மாத்திரை கொடுக்கும்போது 'சமீபத்தில் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் இருந்தீங்களா? ஒவ்வொரு கண்ணா மூடிப் பாருங்க' என்று சேர்த்துக் கேட்கலாம். கூடுதல் சம்பளம் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள், ஏற்கெனவே அவர்கள் தலையில் நிறைய ஏற்றியிருக்கிறோம்.

வயதானவர்களும் சுகர், இதய நோய் உள்ளவர்களும் வருஷா வருஷம் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்வது பற்றித் தங்கள் டாக்டரிடம் கேட்கலாம். கடுமையாக வராமல் தடுத்தாலே மேலே சொன்னதில் பெரும்பகுதி வராது. பெரியவர்களுக்கு அப்படி ஒரு தடுப்பூசி இருப்பதே இங்கே பலருக்குத் தெரியாது.

கடைசியாக உங்களுக்கு. அடுத்த மழைக்கும் காய்ச்சல் பக்கம் போடுவீர்கள். 'எப்போது உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்' என்று கட்டம் கட்டி மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, மயக்கம் என்று போடும் இடத்தில் 'ஒரு கண்ணில் திடீர்ப் பார்வைக் குறைவு, வலி இல்லாவிட்டாலும்' என்பதையும் சேர்த்துப் போடுங்கள். அதை எழுதித் தர ஒரு கண் டாக்டரைக் கேளுங்கள், என்னை வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கண் மருத்துவ உதவியாளர்,
திருவாரூர் மாவட்டம்.